மருமகனுக்கு ஒரு பந்து

டென்மார்க்கில் ஓடும் தொடருந்துகளுள் சில, வழியில் ஒரு நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து இரு வேறு ஊர்களுக்குச் செல்லும் என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லத்தான் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் டேனிய மொழியில் திரும்பத் திரும்ப எதையோ அறிவித்தது. நான் அதை வரவேற்புரை என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

அருகிலிருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்க இயலாத நிலையில் இருந்தேன். கொப்பன்ஹேகனில் ஏறியவுடன் ஹேர்னிங்கில் வாழும் என் தங்கை சரஸ்வதியைத் தொலைபேசியில் அழைத்து, வானூர்தியில் தந்த உணவு முதல் என் இடுப்பு வலி வரை ஒழுங்குமுறையாக விரித்துரைத்தேன். எதிரே பின்னல் வேலை செய்துகொண்டிருந்த முதிய அம்மையார், வருந்துவதுபோன்ற புன்னகையுடன் கண்ணாடியில் ஒட்டியிருந்த படமொன்றைச் சுட்டினார். உதட்டின்மீது விரல் வைத்த முகம். அது அமைதிப் பெட்டி. யாழ்ப்பாணத்துப் பேருந்தில் பேசாமல் வருபவரைத்தான் உடல்நலம் இல்லையோ என்று கேட்பார்கள். இங்கோ ஒரு பெட்டி முழுவதும் மனிதர்கள் தாமாகவே விரும்பி வாய்மூடி அமர்ந்திருந்தார்கள். அந்த ஒழுக்கம் என்னைக் கவர்ந்துவிட்டது. அதன்பின் நான் மூச்சைக்கூட அளந்தே விட்டேன், வழி கேட்கவில்லை. ஆகவே ஹேர்னிங்குக்குப் பதிலாக ஹோர்சன்ஸில் போய் இறங்கினேன்.

பின்னல்கார அம்மையாரும் அங்கேயே இறங்கினார். என் திகைப்பைக் கண்டு, பயணச்சீட்டை வாங்கிப் பார்த்து, என்னை ஓர் இருக்கையில் அமர்த்தி, சரஸ்வதியோடு தாமே டேனிய மொழியில் பேசிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, நீங்கள் ரெயினின்ரை எந்தப் பாதியிலை இருந்தனீங்கள்?" என்றாள் தங்கை.

"பாதி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது."

"சரி, அங்கையே இருங்கோ. அருளுக்குச் சொல்லுறன். அவர் அங்கதான் வேலை. ஒண்டிலையும் ஏறிப்போடாதேங்கோ."

அருள்நேசன் வந்தார். செம்மஞ்சள் நிற வேலைச் சட்டை; அதில் ஒளிரும் பட்டைகள். பண்டகசாலையில் பணி முடிந்து அப்படியே வந்திருந்தார். நரைத்த மீசை. "சேர், என்னைத் தெரியுதோ?" என்று இடக்கையை நீட்டியபோதே தெரிந்துவிட்டது. மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர். நான் தமிழ் கற்பித்த பள்ளியோடு ஆண்டுதோறும் மோதும் பள்ளியின் கிரிக்கெட் அணியில், பந்தைச் சுழற்றும் மெதுபந்து வீச்சாளர். அந்த இடக்கையால் எங்கள் துடுப்பாட்டக்காரர் பட்ட பாட்டை மர நிழலில் நின்று கண்டு நொந்தவன் நான். பகை அணியின் வீரர் ஒருவரைப் பார்த்து இத்துணை மகிழ்வேன் என்று நினைத்ததில்லை.

வழியில் ஒரு சிறு கடையில் நிறுத்தினார். செந்நிறத் தோல் போர்த்த இறைச்சிக் குழலை ஒரு நீள ரொட்டிக்குள் வைத்து, மேலே பொரித்த வெங்காயமும் இனிப்பு வெள்ளரித் துண்டுகளும் தூவித் தந்தார்கள். நின்றபடியே உண்ண வேண்டும். காரம் துளியும் இல்லை. ஆயினும் பசிக்கு அது விருந்தாக இருந்தது. உண்டுகொண்டே அவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கூறினார். ஹேர்னிங் துடுப்பாட்டக் கழகம் புரொண்பித் தமிழர் அணியை எதிர்கொள்ளும் பருவ இறுதி ஆட்டம். புரொண்பியின் தொடக்க வீரர் யூட். அருள்நேசனின் மூத்த மகளை மணந்தவர்.

"கலியாணம் முடிஞ்சு மூண்டு கிறிஸ்மஸ் போட்டுது, சேர். ஒவ்வொரு நத்தாருக்கும் கோழிக்கால் ஒண்டைக் கையிலை வைச்சுக்கொண்டு, 'மாமா, உங்கடை பந்து எண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன்' எண்டு சொல்லுறான். மகளும் சேர்ந்து சிரிக்கிறாள். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

"ஒருநாளும் அவருக்கு வீசினதில்லையோ?"

"எங்கை? புரொண்பியோடை மட்ச் வாற நேரமெல்லாம் எனக்கு ஞாயிறு வேலை. இந்தமுறை கேட்டு மாத்திப்போட்டன். அடுத்த வருசத்துக்கு முழங்கால் விடாது. டொக்டர் சொல்லிப்போட்டார்."

"அப்படியானால் அணியில் இருக்கிறீர்."

"அதை உங்கடை தங்கச்சியின்ரை மருமகனைத்தான் கேக்கவேணும், அவர்தான் கப்டன்." கைகளைத் துடைத்துக்கொண்டார். "நான் கேக்கமாட்டன், சேர்."

அந்தக் கடைசிச் சொற்களை நான் போதிய கவனத்தோடு கேட்கவில்லை.

நான் டென்மார்க் சென்றது அடுத்த வாரத் தமிழ்ப் பள்ளி விழாவில் உரையாற்றுவதற்காக. ஆயினும் வெள்ளிக்கிழமை காலை சரஸ்வதியின் மருமகன் பிரதீபன் என்னைத் துடுப்பாட்டத் திடலுக்கு அழைத்துச் சென்றபின் உரையின் நினைவே எனக்கு வரவில்லை. பிரதீபன் ஹேர்னிங்கில் பிறந்தவர், பொறியியலாளர், கழகத்தின் அணித் தலைவர். அணித் தலைவர் அன்று காலை புல் வெட்டினார். வெட்டும் பொறியின்மீது தாமே அமர்ந்து, திடலை மேலும் கீழுமாக உழுவதுபோல் சென்றார். கூலிக்கு ஆள் இல்லை. வரி இழுப்பது, கழிவறை கழுவுவது, ஆட்டத்தன்று அடுப்பு மூட்டுவது அனைத்தும் உறுப்பினர்களின் முறைவேலை. நம் ஊரில் தலைவர் என்றால் நாற்காலி வரும். இங்கே புல்வெட்டி வருகிறது. எனக்கு இந்த நாட்டின்மீது மதிப்பு ஒருபடி கூடியது.

ஆடுகளம் புல் அன்று. கல்தூள் இறுக்கிய தரையின்மேல் தென்னைநார் விரிப்பை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். குனிந்து தடவிப் பார்த்தேன். நாரில் பந்து பற்றும், பற்றினால் திரும்பும். மேற்கிலிருந்து ஓயாத காற்று, மெதுபந்தைச் சற்றே தூக்கி நிறுத்திவிட்டு விடும். வேகப்பந்து வீசுபவருக்கோ ஓடிவரும் புல்வழி ஈரமாக இருந்தது. பத்துப் பேர் உறுதி. பதினொன்றாம் இடத்துக்கு இருவர் என்று பிரதீபன் சொன்னார். ஒருவர் நிரோஷ், கல்லூரி மாணவர், பனைபோல் உயரம், பருவம் முழுவதும் நன்றாக வீசியவர். மற்றவர் அருள்நேசன். துடுப்பாட்டம் பார்த்தே நரைத்த ஒருவனுக்கு அந்த விரிப்பில் அருள்நேசனே வீச வேண்டும் என்பதில் ஐயம் எழவே இடமில்லை. ஆனால் பிரதீபன் யாரை எண்ணியிருக்கிறார் என்பதை அவர் முகம் காட்டவில்லை.

அன்று மாலை சமையலறையில், அருள்நேசனை அணியில் சேர்க்கலாமே என்று சரஸ்வதியிடம் சொன்னேன். பரிந்துரை என்பதை நாம் குற்றமாகக் கருதுவதில்லை. ஒருவருக்காக ஒரு சொல் சொல்லி வைப்பது அக்கறை. சொல்லாமல் இருப்பதுதான் குறை. வழி தவறி நின்றவனைத் தேடி வந்து ஏற்றிச் சென்றவருக்கு நான் வேறு எவ்வாறு நன்றி செலுத்துவது? மேசையில் புளிக்காடியில் ஊறிய மீனும் ரை என்னும் தானியத்தின் கரிய ரொட்டியும் இருந்தன. மீன் இனித்தது. சரஸ்வதி காரத்துக்கு அதன்மேல் மாசிச் சம்பல் வைத்து என் முன் தள்ளிவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்:

"பிரதீபன், அண்ணை அருளைப் போடச் சொல்லுறார்."

பிரதீபன் கரண்டியைக் கீழே வைத்தார். "கேட்டிட்டன் மாமி," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டிட்டன் மாமா."

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பொருள், காரியம் முடிந்தது என்பதே. நான் நிறைவோடு உறங்கினேன்.

சனிக்கிழமை பிற்பகல் கழகக் கட்டடத்தில் அணித் தெரிவுக் கூட்டம். நடுவே மெழுகுதிரி, பெரிய குடுவையில் காப்பி, கறுவா மணக்கும் சுருள் பணியாரம். யாவரும் கோப்பையைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். என் காலத்தில் பள்ளி அணியின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். இடம்பெறாதவர் சுவரைப் பார்த்து அறிந்துகொள்வார். இங்கே ஒவ்வொருவரையும் அமர்த்தி வைத்து, முகத்துக்கு நேரே காரணம் சொல்லித் தெரிவு செய்கிறார்கள். மறுநாள் விருந்துக்குப் பொறுப்பான சரஸ்வதி என் பக்கத்தில் அமர்ந்து, மெல்லிய குரலில் மொழிபெயர்த்தாள்.

பத்துப் பெயர்கள் இடரின்றி முடிந்தன. பிறகு பிரதீபன் எழுந்தார். டேனிய மொழியில் பேசினார். அதற்குள் என் பெயர் வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதை அறிமுகம் என்று கருதி வணக்கம் சொன்னேன்.

"கையைக் கீழை விடுங்கோ," என்றாள் சரஸ்வதி. அவள் முகம் வெளிறியிருந்தது. "வீட்டிலை மாமா அருளுக்காகக் கேட்டவர், அதாலை பதினோராவது ஆளைத் தெரிவு செய்யிறதிலை தான் இன்ஹபீல் எண்டு சொல்லுறார்."

அச்சொல்லை அன்றுதான் கற்றேன். ஒரு பொருளில் தனக்கு உறவோ கடமைப்பாடோ இருந்தால், அதைத் தானே வெளியிட்டு, தீர்ப்பிலிருந்து விலகி நிற்பது. இந்நாட்டில் நகரசபை முதல் மாடிக் குடியிருப்போர் கூட்டம் வரை இவ்வழக்கம் உண்டாம். பிரதீபன் அமர்ந்துகொண்டார். முறைப்படி தீர்ப்பு துணைத் தலைவரிடம் சென்றது.

துணைத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் மனைவியும் அருள்நேசனின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அவரும் இன்ஹபீல். பொருளாளர் எழுந்து, அருள்நேசனின் இளைய பிள்ளைக்குத் தாம் ஞானத்தந்தை என்றார். அடுத்தவர் நிரோஷின் சித்தப்பா. அதற்கடுத்தவரின் மகனுக்கு நிரோஷின் அக்காளைப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அது இன்னும் வெளியில் சொல்லாத செய்தி, நிரோஷுக்கே தெரியாது. கூட்டம் ஆரவாரித்தது. ஒவ்வொருவராக எழுந்து தம் உறவைச் சொல்லி அமர அமர, எனக்கு ஒன்று விளங்கியது. உறவால் கட்டிய கழகத்தில் உறவில்லாதவரைத் தேடுவது கடலில் உப்பில்லாத இடத்தைத் தேடுவது.

எஞ்சியவர் ஒருவரே: விக்கெட் காப்பாளர் மோர்டன். தச்சுத் தொழிற்பள்ளி ஆசிரியர், செம்பட்டைத் தாடியர், கழகத்தின் ஒரே டேனியர். அவர் காப்பியை வைத்துவிட்டுத் தயங்கினார். சரஸ்வதி மொழிபெயர்த்தாள்.

"அருளின்ரை மனுசி வேலை செய்யிற முதியோர் இல்லத்திலைதான் என்ரை அம்மா இருக்கிறா. என்னை நம்புறதிலும் பார்க்க அவவைத்தான் கூட நம்புறா. இதுவும் சேருமோ எண்டு கேக்கிறார்."

பிரதீபன் சற்று யோசித்துவிட்டு, சேராது என்றார். சிரிப்பு அடங்கவில்லை. அது அடங்குமுன் அருள்நேசன் எழுந்து நின்றார்.

"நான் ஒருத்தரையும் கேக்கச் சொல்லேல்லை," என்றார் தமிழில். எவர் முகத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தைக் குறிப்பாகப் பார்க்கவில்லை. "கிழவனை அனுப்பிக் கேப்பிச்சவன் எண்ட பேரோடை எனக்கு இந்த மட்ச் வேண்டாம். என்ரை பேரை எடுத்துவிடுங்கோ."

மூன்று நத்தார்களாக அந்த மனிதர் காத்திருந்த ஒரு பந்தை, நன்றி என்ற பெயரில் நான் தட்டிவிட்டிருந்தேன். எழுந்து ஏதோ சொல்ல முற்பட்டேன். சரஸ்வதி என் சால்வையைப் பிடித்து இழுத்து அமர்த்தினாள்.

அருள்நேசன் என்ன சொன்னார் என்று மோர்டன் கேட்டறிந்தார். அவசரப்படாமல் பேசினார். "நீங்கள் கேட்டீர்களா, கேட்கவில்லையா என்று தீர்மானிக்க என்னைக் கேட்கவில்லை. பந்து எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் சொன்னார்கள். இருவரும் வாருங்கள், எனக்கு வீசுங்கள். முடிவை நாளைக் காலை ஈரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்."

அருள்நேசன் அசையவில்லை. நிரோஷ் எழுந்து வந்து, அவருடைய பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கோ அங்கிள், எனக்கும் பயமாத்தான் கிடக்கு," என்றான். அவர் பின்னால் சென்றார்.

எழுந்த என்னிடம் சரஸ்வதி ஒரு கூடை வெங்காயத்தை வைத்தாள். "நீங்கள் வெளியிலை போகவேண்டாம். இதை உரியுங்கோ."

கழகச் சமையலறைக்குச் சாளரம் இருந்தது, ஆனால் திடலைப் பாராத பக்கம். செவியால்தான் பார்த்தேன். நிரோஷின் பந்து விரிப்பில் அடித்துக் கையுறையில் விழும் ஓசை, கதவு சாத்துவதுபோல் வந்தது. அதன்பின் நீண்ட நேரம் ஓசையே இல்லை. அது அருள்நேசனின் முறை என்று ஊகித்தேன். நல்ல மெதுபந்து கேட்காது. ஒருமுறை மோர்டன் டேனிய மொழியில் எதையோ முணுமுணுத்தது கேட்டது. என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கெட்ட வார்த்தை," என்றாள் தங்கை. "கண்ணைத் துடையுங்கோ அண்ணை. வெங்காயத்துக்கு இவ்வளவு அழுற ஆளை நான் காணேல்லை."

வீடு திரும்பும்போது பிரதீபன் காரை ஓட்டியபடியே, சொற்களைத் தேடித் தேடிப் பேசினார். "மாமா, நான் அவரைத்தான் போட இருந்தனான்."

"பிறகேன் விலகினீர்?"

"நீங்கள் கேட்டாப்பிறகு நான் போட்டால், அவர் நல்லாப் போடுறபடியால் வந்தவர் எண்டு ஆர் நம்புவினம்? முதலிலை அவரே நம்பமாட்டார்."

சாலையின் இருமருங்கும் அறுவடை முடிந்த வயல்கள். அவற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நம்மிடம் வேண்டப்பட்டவருக்காக நெறியை வளைப்பது அன்பு. இந்த இளைஞர் வேண்டப்பட்டவரின் பெருமை கெடாதிருக்கத் தம் அதிகாரத்தையே விட்டுக்கொடுத்தார். இதுவும் அன்புதான், இதற்கு நம்மிடம் வழக்கமில்லை.

ஞாயிறு காலை புல்லெங்கும் ஈரம். பிற்பகலில் மழை வந்து அன்றைய ஆட்டம் முடிவின்றிப் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது முற்பகலை.

மோர்டன் புல்வழியில் தாமே ஓடிப் பார்த்தார். ஒருமுறை வழுக்கினார். வந்து நிரோஷின் முன் நின்றார். "ஈரம் உன்னை ஓடவிடாது. அது பாதிக் காரணம். மறுபாதி, நேற்று அவருடைய பந்தை நான் கையுறையில்லாத இடத்தில் இருமுறை வாங்கினேன். எனக்கே தெரியாத பந்து, அடிப்பவனுக்கும் தெரியாது. இன்று அவர்."

நிரோஷ் உதட்டைப் பிதுக்கி, டேனிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு ஓட்டங்களைக் குறிக்கும் மேசையில் போய் அமர்ந்தான். "அப்ப மத்தியானச் சாப்பாட்டு ரோல்ஸிலை முதல் தட்டு எனக்கு எண்டுறான்," என்றாள் சரஸ்வதி.

நான் எழுந்தேன். மோர்டனின் கையைப் பற்றி நன்றி சொல்ல வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. இரண்டடி வைத்திருப்பேன், என் சால்வை மீண்டும் பின்னால் இழுபட்டது.

"எங்கை?"

"நன்றி சொல்ல."

"நீங்கள் போய் நன்றி சொன்னால், உங்களுக்காகச் செய்தது எண்டு ஆகிடும். இருங்கோ."

இருந்தேன். நன்றி சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை, வாழ்நாள் முழுவதும் நன்றியுரை ஆற்றியே பழகிய நான் அன்று உணர்ந்தேன். அப்போது அருள்நேசன் வெள்ளுடையில் அவ்வழியே வந்தார். என்னைக் கடந்தார். நின்றார். திரும்பாமலே கேட்டார்:

"சேர், சாப்பிட்டீங்களோ?"

"சாப்பிட்டேன்," என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். நம்மவரிடையே இதற்குமேல் மன்னிப்பு இல்லை.

புரொண்பி முதலில் துடுப்பெடுத்தது. இத்தகைய ஆட்டங்களில் தனி நடுவர் வருவதில்லை. துடுப்பெடுக்கும் அணியினரே இருவரை நடுவராக நிறுத்த வேண்டும். தம் அணிக்கு எதிராகத் தாமே விரலை உயர்த்துவது முறை. யூட் நன்றாகவே ஆடினார். நல்ல உயரம், புதுக் கையுறை, சிரித்த முகம். காற்று வலுத்ததும் பிரதீபன் பந்தை அருள்நேசனிடம் கொடுத்தார்.

"மாமா, கண்ணை மூடவோ?" யூட் உரக்கக் கேட்டார். எல்லைக்கோட்டருகே அமர்ந்திருந்த அவர் மனைவி, அருள்நேசனின் மகள், வாய்பொத்திச் சிரித்தாள்.

"திறந்து வைச்சுக்கொள். நல்லாத் திற," என்றார் மாமனார்.

முதற்பந்து பக்கத்து உதைபந்தாட்டத் திடலின் வலைக்கம்பத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. மகள் கைதட்டினாள். அருள்நேசன், பந்து திரும்பி வரும்வரை முழங்காலைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். இரண்டாம் பந்து தடுக்கப்பட்டது. மூன்றாவது பந்தை அவர் சற்றே உயர்த்தி விட்டார். காற்று அதைப் பிடித்து ஒரு கணம் வைத்திருந்தது. யூட் முன்னேறி ஓரடி வைத்தார், பந்து வந்துசேரவில்லை, இன்னோரடி வைத்தார். பந்து விரிப்பில் விழுந்து, நாரைப் பற்றி, துடுப்பின் வெளிவிளிம்பைச் சுற்றிக்கொண்டு மோர்டனின் கைக்குள் சென்றது. கோட்டுக்கு வெளியே நின்ற மருமகன் திரும்புமுன் மோர்டன் விக்கெட் குற்றிகளைத் தட்டிவிட்டார். இம்முறை அவருக்குப் பந்து தெரிந்திருந்தது.

முறையீட்டின் ஒலி அடங்குமுன்னரே புரொண்பி நடுவர், தம் அணியின் தொடக்க வீரருக்கு எதிராக, விரலை உயர்த்தினார்.

யூட் துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மாமனாரைக் கடக்கும்போது நின்றார். "நத்தாருக்கு நான் என்ன கதைக்கிறது மாமா?"

"சாப்பிடு," என்றார் அருள்நேசன். "கோழிக்கால் உனக்குத்தான்."

எல்லைக்கோட்டருகே மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் இப்போது தகப்பன் பக்கம் பார்த்து. நான் சரஸ்வதியின் பக்கம் சாய்ந்து, கைதட்டலாமா என்று மெல்லக் கேட்டேன்.

அவள் சற்று ஆலோசித்தாள். "இனித் தட்டலாம்," என்றாள்.